கவுன்டரில் நடக்கும் ஓரவஞ்சனை: புகாரே வராத இனப் பாகுபாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

சேவைமேசை கேட்டது:

வணக்கம். ஆறு கவுன்டர், ஒரு தொலைபேசிப் பிரிவு, ஒரு மின்னஞ்சல் பெட்டி. வாங்கிய பொருளைத் திருப்பித் தருவது, பில் சந்தேகம், தாமதக் கட்டணம் மாதிரி அன்றாட வேலைகள்தான். இனத்தையோ தோல் நிறத்தையோ பார்த்து சேவை மாறுகிறதா என்று அளக்க வேண்டும். யாரும் யாரையும் திட்டுவதில்லை, திருப்பி அனுப்புவதில்லை. புகார்ப் பதிவேட்டில் 'இனம்' என்ற சொல்லே கிடையாது. 'அலட்சியம்', 'காக்க வைத்தார்கள்' என்றுதான் இருக்கும். கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தாலும் எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது.

எதை எண்ணுவது? எத்தனை தடவை எண்ணினால் நம்பலாம்? மொழிச் சிக்கல், கூட்ட நேரம் இதையெல்லாம் எப்படிப் பிரித்தெடுப்பது? வாடிக்கையாளர் பக்கம் நின்று பார்த்தால், ஒரே ஒரு தடவை நடந்ததை வைத்து அவர் என்ன செய்ய முடியும்?

'ஊழியர்களுக்கு ஒரு நாள் வகுப்பு எடுங்க' என்ற பதில் மட்டும் வேண்டாம். அந்த யோசனை ஏற்கெனவே வந்துவிட்டது.

---

கல்லாப்பெட்டி பதில்:

முதல்ல தேடுற இடத்தை மாத்துங்க. மரியாதைக் குறைவைத் தேடினா ஒண்ணும் சிக்காது. விதி எழுதி ஒட்டியிருக்கிற இடத்துல எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஊழியர் தன் இஷ்டத்துக்கு 'சரி, பரவாயில்லை' சொல்லக்கூடிய இடம் எதுவோ, ஓரவஞ்சனை அங்கேதான் குடியிருக்கும். ஒருத்தருக்குக் கெடுதல் செய்யவே வேண்டியதில்லை, பக்கத்துல நிக்கிறவருக்குச் சலுகை காட்டினாலே போதும்.

இதுக்கு நல்ல சான்று ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரப் பேருந்துகளில் நடந்த சோதனை. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகப் பொருளாதார ஆய்வாளர்கள் செய்தது, 2013ல் வெளிவந்தது. காசில்லாத பயண அட்டையோடு ஏறி, 'கையில் பணம் இல்லை, கொஞ்ச தூரம் போகணும்' என்று ஓட்டுநரிடம் கேட்கணும். அவ்வளவுதான். 1,500க்கும் மேற்பட்ட தடவை கேட்டிருக்காங்க. வெள்ளையர் கேட்டப்போ 72 சதவீதம் ஏற்றிக்கொண்டார்கள், கறுப்பினத்தவர் கேட்டப்போ 36 சதவீதம். இந்தியத் தோற்றமுள்ளவர்களுக்குச் சுமார் பாதி. இதில் எந்த ஓட்டுநரும் விதியை மீறி யாரையும் இறக்கிவிடலை என்பதைக் கவனிங்க. டிக்கெட் இல்லைன்னா ஏற்றக்கூடாது என்பதுதான் விதி. கறுப்பினத்தவரிடம் விதியைப் பேசினார்கள், வெள்ளையரிடம் மனிதாபிமானத்தைப் பேசினார்கள்.

அதனால உங்க ஆறு கவுன்டர்லயும் 'இஷ்டப்படி முடிவு' எங்கெல்லாம் இருக்குன்னு முதல்ல ஒரு பட்டியல் போடுங்க. பெரும்பாலும் இவைதான்:

ரசீது இல்லாமல் வரும் பொருளை வாங்குவது. கெடு முடிந்து ஓரிரு நாள் கழித்து வருபவரை ஏற்பது. தாமதக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வது. 'மேலதிகாரியைக் கேட்டுப் பார்க்கிறேன்' என்று எழுந்து போவது. மலிவான மாற்று வழி இருப்பதைத் தானாகவே சொல்வது. இது ரொம்ப முக்கியம், ஏன்னா கேமராவுல தெரியாது. சொல்லாம விட்டது ஒரு நாளும் பதிவாகாது.

இன்னொரு வகை, கூடுதல் சரிபார்ப்பு. அடையாள அட்டை கேட்பது, நோட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பது, கையெழுத்தை இரண்டாவது தடவை ஒப்பிடுவது, பணத்தை முன்னாலேயே கேட்பது. அமெரிக்காவில் 'டென்னிஸ்' (Denny's) என்ற உணவகத் தொடர் 1994ல் 5.4 கோடி டாலர் கொடுத்து வழக்குகளைத் தீர்த்தது. கறுப்பின வாடிக்கையாளர்களிடம் சாப்பிடும் முன்பே பணம் கேட்டார்கள் என்பது அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. முன்பணம் கேட்பது தப்பான விதி இல்லை. யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் வழக்கே வந்தது.

மீதிச் சில்லறையைக் கையில் வைக்காமல் மேசையில் வைப்பது, கண்ணைப் பார்க்காமல் கூட வந்தவரைப் பார்த்துப் பேசுவது, கேட்காமலேயே சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவது, பெயரைச் சொல்லாமல் 'அடுத்து' என்று மட்டும் கூப்பிடுவது, இதெல்லாம் நிஜம்தான், சுருக்கென்று தைக்கும். ஆனா தனித்தனியா எடுத்தா ஒண்ணுக்கும் சாட்சி நிக்காது. ஒரே ஊழியர், ஒரே நாள், முன்னால் நின்றவருக்குக் கையில், பின்னால் நின்றவருக்கும் கையில், நடுவில் நின்றவருக்கு மட்டும் மேசையில் என்று தொடர்ந்து பல நாள் தெரிந்தால் மட்டும் எண்ணிக்கையில் சேருங்க.

---

ஜோடிச்சோதனை பதில்:

கல்லாப்பெட்டி சொன்ன பட்டியலை வைத்துக்கொண்டு அளப்பது எப்படி என்று பார்ப்போம். இரண்டு வழி உண்டு: நடப்பதை உட்கார்ந்து எண்ணுவது, ஆள் அனுப்பிச் சோதிப்பது.

ஆள் அனுப்பும் முறையில் இருவரை ஜோடியாக அனுப்புவார்கள். வயது, பாலினம், உடை, கேட்கும் வாக்கியம், கையில் இருக்கும் பொருள் எல்லாம் ஒன்று. தோற்றம் மட்டும் வேறு. பதினைந்து முதல் முப்பது நிமிட இடைவெளி, அதே கவுன்டர். யார் முதலில் போவது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானியுங்கள். இரண்டாவதாக வருபவருக்கு ஊழியரின் களைப்பும் சேர்ந்து கிடைக்கும், அது ஒரே பக்கம் விழக்கூடாது. வெளியே வந்ததும் பத்து நிமிடத்துக்குள் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதும் முன் இருவரும் பேசிக்கொண்டால் அந்த ஜோடியைத் தள்ளிவிடுங்கள்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று. ஒரு பக்கத்துக்கு, அதாவது ஜோடியில் ஓர் இனத்தின் சார்பில், ஒரே ஆளை வைத்து நூறு தடவை அனுப்புவார்கள். அப்போது அளப்பது இனத்தையா, அந்த ஒரு மனிதரின் சிரிப்பையா என்று சொல்லவே முடியாது. பக்கத்துக்கு நான்கு பேராவது வேண்டும். எதைச் சோதிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லாமல் 'சேவைத் தரச் சோதனை' என்று மட்டும் சொல்லி அனுப்புவது இன்னும் நல்லது. எதிர்பார்த்துப் போகிறவர் முகத்தில் அது தெரியும், ஊழியர் அந்த முகத்துக்குப் பதில் சொல்வார்.

எத்தனை தடவை என்பது வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. வழக்கமான கணக்கு, அதாவது இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகக் காட்டும் வாய்ப்பு 5 சதவீதம், இருக்கும் வித்தியாசத்தைக் கண்டறியும் வாய்ப்பு 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்:

72க்கு 36 என்ற பேருந்து அளவு வித்தியாசம்: பக்கத்துக்குச் சுமார் 30 போதும்.
80க்கு 65: பக்கத்துக்குச் சுமார் 140.
72க்கு 68: பக்கத்துக்குச் சுமார் 2,050.

கடைசி வரியைக் கற்பனையாகப் போடவில்லை. அமெரிக்காவில் உள்ளூர்ப் பொதுச் சேவை அலுவலகங்கள் ஏறத்தாழ 19,000க்கு மின்னஞ்சல் அனுப்பிச் செய்த ஆய்வு 2019ல் வெளிவந்தது. 'எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்' போன்ற சாதாரணக் கேள்விதான். வெள்ளையர் பெயரில் போனவற்றுக்குச் சுமார் 72 சதவீதம் பதில், கறுப்பினப் பெயரில் போனவற்றுக்குச் சுமார் 68. பதில் வந்தாலும், பெயர் சொல்லி விளித்து எழுதுவது கறுப்பினப் பெயர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆறு கவுன்டரில் ஐம்பது ஜோடி அனுப்பிவிட்டு 'வித்தியாசமே இல்லை' என்று அறிக்கை எழுதினால், அது இல்லை என்று பொருள் இல்லை. உங்கள் சல்லடையின் கண் பெரியது, அவ்வளவே.

இன்னொன்று. இருபது விஷயத்தை அளந்தால், ஒரு பாகுபாடும் இல்லாத இடத்திலும் அவற்றில் சராசரியாக ஒன்று தற்செயலாக 'வித்தியாசம்' காட்டும். அதனால் தொடங்கும் முன்பே மூன்றைத் தேர்ந்தெடுத்துத் தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு மாற்றாதீர்கள்.

சோதனைக்கு முன் ஊழியர்களிடம் 'இந்த ஆண்டில் அவ்வப்போது சோதனை வாடிக்கையாளர் வருவார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவது நியாயம். தேதி சொல்ல வேண்டாம். ரகசிய ஒலிப்பதிவு பல நாடுகளில் சட்டவிரோதம், அதைத் தொடாதீர்கள்.

---

எதிர்க்கேள்வி பதில்:

எல்லாம் சரி. ஆனால் அவசரப்பட்டு யார் தலையிலும் கட்டிவிட வேண்டாம். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ரசீது இல்லாத பொருளை ஏற்பதில் இரண்டு ஊழியர்கள். முதலாமவர் இளகிய மனசு, யார் வந்தாலும் 80 சதவீதம் ஏற்பார். இரண்டாமவர் கறார், யார் வந்தாலும் 50 சதவீதம். இருவருமே இனம் பார்ப்பதில்லை. வெள்ளையர் 100 பேரில் 80 பேர் முதலாமவரிடமும் 20 பேர் இரண்டாமவரிடமும் போகிறார்கள். ஏற்கப்பட்டவர்கள் 64ம் 10ம் சேர்த்து 74. மற்றவர்கள் 100 பேரில் 20 பேர் முதலாமவரிடம், 80 பேர் இரண்டாமவரிடம். 16ம் 40ம், மொத்தம் 56. பதினெட்டு சதவீதப் புள்ளி இடைவெளி, ஆனால் கவுன்டரில் இருக்கும் இருவரும் சுத்தம்.

அப்படியானால் பாகுபாடு இல்லையா? இருக்கலாம், ஆனால் வாசலில். வருபவரைப் பார்த்து 'நீங்க இந்தப் பக்கம், நீங்க அந்தப் பக்கம்' என்று கை காட்டுபவர் யார் என்று பாருங்கள். அவர் பெயர் எந்த ரசீதிலும் வராது. டோக்கன் இயந்திரம் வைத்த மறுநாளே இந்த இடைவெளி மறைந்தால், தேடிய இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். மறையாவிட்டால் வேறெங்கோ. அதனால் மொத்தக் கணக்கோடு நிற்காமல் ஊழியர் வாரியாக, நேர வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

மொழிச் சிக்கல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைப் பிரிக்க மின்னஞ்சல்தான் நல்ல கருவி. ஒரே வாசகம், பிழையில்லாத நடை, கையெழுத்திடத்தில் பெயர் மட்டும் வேறு. அதிலும் இடைவெளி வந்தால் 'அவர் பேசியது புரியவில்லை' என்ற சமாதானம் எடுபடாது. மின்னஞ்சலில் சமம், தொலைபேசியில் மட்டும் இடைவெளி என்றால் உச்சரிப்பைச் சந்தேகப்படலாம். தொலைபேசியில் முதலில் இயந்திரம் பேசுகிறதா என்றும் பாருங்கள். ஐந்து பெரிய நிறுவனங்களின், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள்களைச் சோதித்து 2020ல் வெளியான அமெரிக்க ஆய்வில், கறுப்பினத்தவர் பேசிய நூறு சொல்லில் சராசரியாக 35 தப்பாகப் பதிவாயின, வெள்ளையருக்கு 19. இயந்திரம் மூன்று தடவை 'புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள்' என்ற பிறகு ஊழியரிடம் வரும் வாடிக்கையாளர் ஏற்கெனவே கொதித்துப்போய்த்தான் வருவார். 'அவர்கள் எப்போதும் கோபமாகப் பேசுகிறார்கள்' என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறக்கிறது.

---

சேவைமேசை எழுதியது:

நன்றி. டோக்கன் இயந்திரம் நம்மிடம் இல்லை, வாசலில் ஒருவர்தான் வழி காட்டுகிறார். அங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது. உட்கார்ந்து எண்ணுவதற்கு ஒரு தாள் தயாரிக்க வேண்டும். அதில் என்னென்ன பத்தி இருக்கணும்? 'மரியாதையாகப் பேசினாரா' என்று ஒரு பத்தி போட்டால் ஆளுக்கு ஆள் மாறுமே?

---

ரசீதுக்கட்டு பதில்:

வாடிக்கையாளர் பக்கக் கேள்வியை யாரும் தொடலை, அதை நான் எடுத்துக்கறேன். தாளைப் பற்றி ஜோடிச்சோதனை சொல்லுவார்.

ஒரே சம்பவத்தை வைத்துக்கொண்டு ஊழியரின் மனசுக்குள்ள என்ன இருந்ததுன்னு யாராலும் நிரூபிக்க முடியாது, அந்த வேலையே வேண்டாம். ஒப்பீட்டைப் பிடிங்க. கவுன்டரிலேயே அமைதியா கேட்க வேண்டிய கேள்வி இரண்டு: 'இது எல்லாருக்கும் உள்ள விதியா?', 'எங்கே எழுதியிருக்கு, காட்ட முடியுமா?' எழுதிய விதி இருந்தால் காட்டிடுவாங்க, விஷயம் முடிஞ்சுது. இல்லைன்னா பாதி நேரம் அங்கேயே வேலை நடந்துடும். நடக்கலைன்னாலும், என்ன பதில் சொன்னாங்க என்பது பின்னால பயன்படும்.

வெளியே வந்ததும் குறிக்க வேண்டியது: தேதி, மணி, கவுன்டர் எண், ரசீது அல்லது டோக்கன் எண், சொன்ன வார்த்தை அப்படியே, முன்னால் நின்றவரிடமும் பின்னால் நின்றவரிடமும் அதே விஷயத்தைக் கேட்டாங்களா. கடைசியா சொன்னதுதான் புகாரின் உயிர்.

புகார்ல 'இவர் இனவெறியர்' என்று எழுதினா, பதில் 'எங்கள் ஊழியர் அப்படிப்பட்டவர் அல்ல' என்று வந்து கதவு சாத்தப்படும். இப்படி எழுதுங்க: 'இத்தனை மணிக்கு மூன்றாம் கவுன்டரில் என்னிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டது. எனக்கு முன்னும் பின்னும் அதே தொகைக்கு அட்டையில் பணம் கட்டிய இருவரிடம் கேட்கப்படவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தையும், அடையாள அட்டை குறித்த எழுத்து விதியையும் அனுப்பவும். அந்த நேரக் கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கவும்.' கேமராப் பதிவு பல இடங்களில் சில வாரத்துல தானாவே அழிஞ்சிடும். அதனால கடைசி வாக்கியத்தை அன்னைக்கே அனுப்பிடணும், மற்றதை நிதானமா எழுதலாம்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 29ஆம் பிரிவு சேவை வழங்குவோரைக் கட்டுப்படுத்துது. 136ஆம் பிரிவின்படி, பாகுபாடு நடந்திருக்கலாம்னு முடிவு செய்யும் அளவுக்கு உண்மைகளைக் காட்டினால், அது இல்லைன்னு நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போகும். வழக்குப் போடக் கெடு ஆறு மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் இரண்டாம் பகுதி விடுதி, உணவகம், திரையரங்கு, பெட்ரோல் நிலையம் மாதிரி இடங்களைப் பெயர் சொல்லிச் சேர்க்குது. சாதாரணச் சில்லறைக் கடை அந்தப் பட்டியல்ல இல்லாததால, அங்கே பெரும்பாலும் 1866ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த, ஒப்பந்தம் செய்வதில் எல்லா இனத்தவருக்கும் ஒரே உரிமை என்ற பிரிவைப் பிடிப்பாங்க. ஆஸ்திரேலியாவில் 1975ஆம் ஆண்டு இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைத் தடுக்குது.

---

ஜோடிச்சோதனை பதில்:

தாளுக்கு வருகிறேன். 'மரியாதையாகப் பேசினாரா' என்ற பத்தியே வேண்டாம். கடிகாரமும் காதும் சொல்லக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

நேரம். கவுன்டர் எண். வரிசையில் எத்தனை பேர். வேலை வகை. கோட்டைத் தாண்டி நின்றதிலிருந்து ஊழியர் நிமிர்ந்து பார்க்க எத்தனை விநாடி. ஊழியரின் முதல் வாக்கியம், சொன்னபடியே. கூடுதல் சரிபார்ப்பு உண்டா இல்லையா. கேட்காத மாற்று வழி ஏதும் சொன்னாரா. வாடிக்கையாளர் சலுகை கேட்டாரா, கிடைத்ததா. ஊழியரின் கடைசி வாக்கியம். பத்து பத்திக்கு மேல் போனால் எண்ணுபவர் தாளைப் பார்ப்பார், கவுன்டரைப் பார்க்க மாட்டார்.

பேச்சின் தொனியைத்தான் அளக்க வேண்டும் என்றால், வாக்கியங்களை எழுத்தாக்கி, பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, அங்கே இல்லாத இருவரிடம் தனித்தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அமெரிக்காவின் ஓக்லாந்து நகரப் போலீசார் வாகனங்களை நிறுத்திப் பேசியபோது எடுத்த உடற்கேமராப் பதிவுகளை வைத்து 2017ல் வெளியான ஆய்வு இப்படித்தான் செய்யப்பட்டது. மதிப்பெண் போட்டவர்களுக்கு ஓட்டுநரின் இனம் தெரியாது. ஆனாலும் கறுப்பின ஓட்டுநர்களிடம் பேசிய வாக்கியங்களுக்கு மரியாதை மதிப்பெண் குறைவாக விழுந்தது. உங்கள் இருவரின் மதிப்பெண்ணும் அடிக்கடி முரண்பட்டால், அளவுகோலில் கோளாறு. எது எதற்கு எத்தனை என்று உதாரணம் எழுதிக் கொடுத்து முதலிலிருந்து போடச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு வாரத் தாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார் என்றால் எல்லோருக்கும் வணக்கம் கிடைக்கும். அந்தப் பழக்கம் தேய்ந்த பிறகு வருவதே அசல்.

---

கல்லாப்பெட்டி பதில்:

சரிசெய்யறதைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏன்னா அளந்து முடிச்சதும் வகுப்பு எடுக்கச் சொல்லி மறுபடி வருவாங்க. வகுப்பு எடுக்கட்டும், தப்பில்லை. ஆனா எழுதாத சலுகை அப்படியே இருந்தா மூணாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

சலுகையை எழுத்துல கொண்டு வாங்க. 'கெடு முடிந்து மூன்று நாள் வரை, ஆண்டுக்கு ஒரு தடவை, யாராக இருந்தாலும்' என்று ஒரு வரி போதும். அடையாள அட்டையை ஒரு தொகைக்கு மேல எல்லாரிடமும் கேளுங்க, கீழே யாரிடமும் கேட்காதீங்க. மலிவான மாற்று வழியைக் கணினித் திரையிலேயே வர வைங்க, அதைப் படிச்சுக் காட்டாம அடுத்த பக்கம் போக முடியாதபடி.

காரணக் குறியீடு, அதாவது ஏன் அப்படி முடிவெடுத்தாங்கன்னு பதியற குறி, வைக்கும்போது எல்லா இடத்துலயும் நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு. மறுத்தால் மட்டும் காரணம் எழுதச் சொல்லுவாங்க. கொடுத்தாலும் எழுதணும். ஓரவஞ்சனை கொடுக்கிற கையிலதான்னு மேலேயே சொன்னேன். கொடுத்ததுக்குப் பதிவு இல்லைன்னா ஒப்பிட ஆதாரமே இல்லை.

---

சேவைமேசை எழுதியது:

மூன்று விஷயம் முடிவு செய்து தேதி போட்டுவிட்டேன்: வாசலில் எந்தக் கவுன்டருக்கு அனுப்பினார்கள், கூடுதல் சரிபார்ப்பு, ரசீது இல்லாத பொருளை ஏற்றது. தாளில் வாடிக்கையாளரின் இனம் என்ற பத்தியை முதலில் போட்டிருக்கிறேன், பிரிக்கச் சுலபம் என்று.

---

ஜோடிச்சோதனை பதில்:

அதை மட்டும் மாற்றுங்கள். முதல் பத்தியில் இனத்தைக் குறித்தவர் மீதிப் பத்திகளையும் அந்தக் கண்ணாலேயே பார்ப்பார். அந்தத் தாளில் அது இருக்கவே கூடாது. வேறொருவர், வேறொரு தாளில், வருகை வரிசை எண்ணோடு மட்டும் குறிக்கட்டும். இரண்டு தாளிலும் அதே எண்ணைப் போட்டு, மாதக் கடைசியில் அதை வைத்து இணைத்துக்கொள்ளுங்கள். இனத்தைக் குறிப்பவர் கவுன்டர் பேச்சு காதில் விழாத தூரத்தில் உட்கார வேண்டும்.